அத்தைக்கு அக்கி, கிரியேட்டினின் 1.9: ஏசைக்ளோவிர் ஐந்து வேளை கொடுக்கலாமா?

பாலக்கோடு மருமகள்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். என் அத்தைக்கு, அதாவது வீட்டுக்காரருடைய அம்மாவுக்கு, 66 வயது, எடை 48 கிலோ. முந்தாநாள் வலது பக்க முதுகில் எரிகிறது எரிகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தக்காளி பறிக்கப் போய் நாளெல்லாம் குனிந்ததால் பிடித்துக்கொண்டது என்று அவரே தைலம் தேய்த்துக்கொண்டார். நேற்றுச் சாயங்காலம் பார்த்தால் முதுகெலும்பு ஓரத்தில் தொடங்கி மார்புக்குக் கீழே வரைக்கும் பட்டையாகச் சிவந்து, அதன்மேல் கொத்துக்கொத்தாக நீர்க்கொப்புளம். இடது பக்கம் ஒன்றுகூட இல்லை. சேலை உரசினாலே துடித்துப்போகிறார்.

இன்று காலை ஒரு தனியார் கிளினிக்கில் காட்டினோம். டாக்டர் பார்த்ததுமே அக்கி என்று சொல்லி, ஏசைக்ளோவிர் 800 மி.கி. ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாளைக்கு எழுதினார். வலிக்கு டைக்ளோஃபெனாக் காலை இரவு, மேலே தடவ ஒரு களிம்பு. நல்ல கூட்டம், இரண்டு நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டோம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு மனசு கேட்கவில்லை. அத்தைக்குப் பல வருஷமாகச் சுகரும் பிரஷரும் இருக்கிறது, மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, ஆம்லோடிபின். போன முறை எடுத்த ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 1.9 என்று வந்து, "கிட்னி கொஞ்சம் வீக்காக இருக்கிறது, வலி மாத்திரை கண்டபடி போடாதீர்கள்" என்று அங்கே சொல்லி அனுப்பினார்கள். இன்றைக்குப் பார்த்த டாக்டர் அதைப் பற்றிக் கேட்கவில்லை, ஃபைல் வீட்டில் இருந்தது. வீட்டுக்காரர் ஓசூரில் ஷிஃப்டில் இருக்கிறார், போன் எடுக்க மாட்டார். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு ஏசைக்ளோவிர் ஒன்று கொடுத்துவிட்டேன், டைக்ளோஃபெனாக் இன்னும் கொடுக்கவில்லை.

ஐந்து வேளை என்பது சரிதானா? இவ்வளவு பெரிய மாத்திரையை ஒரு நாளைக்கு ஐந்து போட்டால் கிட்னி தாங்குமா? பக்கத்து வீட்டுப் பாட்டி வேறு, "இங்கிலீஷ் மருந்தெல்லாம் வேண்டாம், குயவர் வீட்டில் காவி எழுதினால் மூன்று நாளில் அடங்கிவிடும்" என்கிறார். தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.


காரிமங்கலம் பார்மசி:

சகோதரி, நான் மருந்தாளுநர், பல வருஷமாக மருந்துக்கடை நடத்துகிறேன். முதலில் ஒன்று: நீங்கள் கொடுத்த ஒரு மாத்திரையால் எதுவும் ஆகிவிடாது, பயப்பட வேண்டாம். ஆனால் அடுத்த மாத்திரைக்கு முன்னால் அந்த டாக்டரையோ கிளினிக்கையோ போனில் பிடித்து "கிரியேட்டினின் 1.9, வயது 66, எடை 48" என்ற மூன்று எண்ணையும் சொல்லிவிடுங்கள். அவர் கிடைக்கவில்லை என்றால் ஃபைலோடு தருமபுரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இன்றைக்கே போய்விடுங்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிற விஷயம் இல்லை இது.

ஏன் என்று சொல்கிறேன். 800 மி.கி. ஐந்து வேளை ஏழு நாள் என்பது அக்கிக்கு வழக்கமான அளவுதான், டாக்டர் எழுதியதில் தப்பு இல்லை, ஆனால் அது கிட்னி நன்றாக வேலை செய்கிறவர்களுக்கான அளவு. இந்த மருந்து பெரும்பாலும் உருமாறாமல் அப்படியே சிறுநீரில்தான் வெளியே போகும். கிட்னி நன்றாக இருந்தால் ரத்தத்தில் இருக்கிற மருந்து கிட்டத்தட்ட மூன்று மணி நேரத்தில் பாதியாகிவிடும், அதனால்தான் காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று அடிக்கடி கொடுக்க வேண்டியிருக்கிறது. கிட்னி முழுக்கவே நின்றுபோனவர்களுக்கு அதே பாதியாவதற்கு 20 மணி நேரம் வரைக்கும் ஆகும். அவர்களுக்கும் நான்கு மணிக்கு ஒன்று கொடுத்தால் மேலே மேலே ஏறிக்கொண்டே போகும்.

இப்போது கிட்னித் திறனுக்கு டாக்டர்கள் போடும் சூத்திரத்தில் உங்கள் அத்தையின் கணக்கைப் பாருங்கள். 140இல் வயதைக் கழித்தால் 74, அதை எடை 48ஆல் பெருக்கினால் 3,552. கீழே 72ஐ 1.9ஆல் பெருக்கினால் 136.8. வகுத்தால் 26 கிட்ட வரும், பெண்களுக்கு அதை 0.85ஆல் பெருக்க வேண்டும், கடைசியில் 22. இதுதான் நிமிஷத்துக்கு இத்தனை மில்லி என்று கிட்னி வடிகட்டும் திறனுக்கு ஒரு தோராயம். அக்கி அளவில் இது 25க்குக் கீழே போனால் 800 மி.கி.யை எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, 10க்கும் கீழே போனால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று மருந்தோடு வரும் குறிப்புத் தாளிலேயே போட்டிருக்கும். அதாவது அத்தைக்கு ஐந்து வேளை இல்லை, மூன்று வேளைதான் வர வாய்ப்பு. கிரியேட்டினின் 1.9 என்றால் பார்க்க "கொஞ்சம்தான் கூட" என்று தோன்றும், ஒல்லியான வயதான பெண்ணுக்கு அது கொஞ்சம் இல்லை. ஆனால் இதை வைத்து நீங்களாக வேளையைக் குறைக்காதீர்கள், 1.9 பழைய ரிப்போர்ட், இன்றைக்கு எவ்வளவு என்று தெரியாது. புதிதாக ரத்தம் எடுத்துப் பார்த்து டாக்டர் சொல்லட்டும்.

டைக்ளோஃபெனாக்கைக் கொடுக்காமல் வைத்தது ரொம்ப நல்லது, அதைத் தொடவே வேண்டாம். ஏற்கெனவே பலவீனமான கிட்னியை அது தனியாகவே இறுக்கும், அதோடு ஏசைக்ளோவிரும் சேர்ந்தால் இன்னும் கஷ்டம். டாக்டரிடம் பேசும்வரை வலிக்குப் பாராசிட்டமால் போதும். அதே மூச்சில் மெட்ஃபார்மினையும் கேட்டுவிடுங்கள், கிட்னி திறன் 30க்குக் கீழே போனால் அதையும் நிறுத்தச் சொல்வார்கள், ஆனால் சுகர் மாத்திரையையோ பிரஷர் மாத்திரையையோ நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அப்புறம் தண்ணீர். இந்த மருந்து சிறுநீரில் அவ்வளவாகக் கரையாது, உடம்பில் தண்ணீர் குறைந்தால் கிட்னியின் நுண்குழாய்களுக்குள் ஊசி ஊசியாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். அதனால் மாத்திரையோடு ஒரு வாய் குடித்து விழுங்கினால் போதாது, நாள் முழுக்கப் பரவலாகக் குடிக்க வேண்டும். அத்தைக்குக் கால் வீக்கமோ மூச்சு வாங்கலோ இருந்தால் மட்டும் எவ்வளவு குடிக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு. நம் பக்கத்துப் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும், ஒகேனக்கல் தண்ணீர் வருகிற நாளில் பிடித்து வைத்து அதையே கொடுங்கள்.

மருந்தை இன்றைக்கே ஆரம்பித்தது பெரிய விஷயம். கொப்புளம் வந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். நேற்றுச் சாயங்காலம் வந்தது என்றால் உங்களுக்கு நேரம் இருக்கிறது. கிட்னிக்குப் பயந்து மருந்தே வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள், வேளை மாறினால் போதும்.

களிம்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அக்கிக்கு அது பெரிதாக உதவாது, மாத்திரைதான் வேலை செய்யும். என்ன களிம்பு என்று பெயரை மட்டும் எழுதுங்கள், அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் தடவ வேண்டாம்.


ஊத்தங்கரைக்காரன்:

பார்மசி அண்ணன் சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அக்கா. என் அப்பாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவருக்கும் கிட்னிக் கோளாறு இருந்தது, மாதாமாதம் வேறொரு டாக்டரிடம் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கி வந்தபோது அக்கம்பக்கத்தில் ஒரு இடத்தில் இதே ஐந்து வேளை கொடுத்தார்கள், கிட்னி எப்படி இருக்கிறது என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

ஓரிரு நாளில் அப்பா ஒரு மாதிரி ஆகிவிட்டார். முதலில் தூக்கம், பிறகு பேச்சு குழறியது. ராத்திரி எழுந்து உட்கார்ந்து போர்வையிலிருந்து எதையோ ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கீழே போட்டுக்கொண்டிருந்தார், கேட்டால் எறும்பு என்றார், ஒரு எறும்பும் இல்லை. எப்போதோ விற்றுவிட்ட உழவு மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாயா என்று என்னைக் கேட்டார். கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு வெடுக் வெடுக்கென்று உதறியது. சித்தப்பா காத்துகருப்பு என்று சொல்லி மந்திரிக்கக் கூட்டிப் போகலாம் என்றார், அம்மா அழுதுகொண்டே சரி என்றுவிட்டார். நல்ல வேளை, சேலத்தில் நர்சாக இருக்கிற என் தங்கை போனில் கேட்டுவிட்டு, உடனே மாத்திரையை நிறுத்தி, அட்டையோடு பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வரச் சொன்னாள். டயாலிசிஸ் செய்தார்கள். மருந்து உடம்பிலிருந்து இறங்க இறங்க மனுஷன் தெளிந்துவிட்டார், இன்றைக்கு நன்றாக இருக்கிறார்.

அதனால் குழப்பம், இல்லாதது தெரிவது, கை உதறல், அளவுக்கு மீறிய தூக்கம், சிறுநீர் குறைவது, இதில் எது தெரிந்தாலும் வயசு, காய்ச்சல், சாமி என்று காரணம் தேடிக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டு போங்கள், எந்த மருந்து எத்தனை போட்டது என்று அங்கே முதலில் அதைத்தான் கேட்டார்கள்.


பாலக்கோடு மருமகள்:

படிக்கும்போதே கை நடுங்குகிறது. ரொம்ப நன்றி இரண்டு பேருக்கும். கிளினிக்குக்குப் போன் போட்டேன், டாக்டர் கிளம்பிவிட்டாராம். பக்கத்து வீட்டு அண்ணன் வண்டி எடுத்து வருகிறார், தருமபுரிக்குப் போகிறோம். களிம்பு ஏசைக்ளோவிர்தான், வேறு எதுவும் கலக்கவில்லை.

போகிற அவசரத்தில் இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். நாத்தனார் ஏழு மாசம், வளைகாப்பு முடிந்து இந்த வாரம் இங்கே வர வேண்டும். அக்கி ஒட்டிக்கொள்ளுமா? பாட்டி காவி விஷயத்தை விடமாட்டேன் என்கிறார், அத்தைக்கும் அதில்தான் நம்பிக்கை.


போச்சம்பள்ளி செவிலி:

நான் கிராமப்புறத்தில் வேலை பார்க்கும் செவிலி. நாத்தனார் விஷயத்தை முதலில் சொல்கிறேன், அதுதான் அவசரம்.

அக்கியாக அக்கி ஒட்டாது. சின்ன வயதில் சின்னம்மை போட்ட பிறகு அதே வைரஸ் உடம்பை விட்டுப் போகாமல் நரம்பு முடிச்சில் தங்கிக்கொண்டு, வயசாகி, சுகர் வந்து, எதிர்ப்புச் சக்தி குறையும்போது அந்த ஒரு நரம்பு வழியாக வெளியே வருவதுதான் அக்கி. அதனால்தான் ஒரே பக்கம், ஒரே பட்டை. ஆனால் அந்தக் கொப்புள நீரில் உயிருள்ள வைரஸ் இருக்கிறது. சின்னம்மையே வராத, அதற்கு ஊசியும் போடாத ஆள் மேல் அது பட்டால் அவருக்குச் சின்னம்மை வரும். கர்ப்பத்தில் சின்னம்மை வந்தால் தாய்க்கு நிமோனியா வரைக்கும் போகலாம், பிரசவத்தை ஒட்டி வந்தால் குழந்தைக்கும் ஆபத்து. நாத்தனாருக்குச் சின்ன வயதில் அம்மை போட்டிருந்ததா என்று அவருடைய அம்மாவையே, அதாவது உங்கள் அத்தையையே கேளுங்கள். போட்டிருந்தால் பெரிய பயம் இல்லை. தெரியாது, போடவில்லை என்றால் எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குக் கட்டும்வரை வர வேண்டாம், வளைகாப்பு வீட்டில் சடங்குக் குறை என்று யாராவது பேசினால் பேசட்டும். ஏற்கெனவே வந்து தொட்டுப் பழகியிருந்தால் காத்திருக்காமல் அவருடைய பிரசவ டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டும், கொப்புளம் வருவதற்கு முன்னாலேயே கொடுக்க வேண்டிய சிகிச்சை இருக்கிறது.

இப்போது காவி. எங்கள் பக்கம் இன்னும் அக்கி வந்தால் பாதிப் பேர் முதலில் போவது அங்கேதான். காவியைக் குழைத்துக் கோழி இறகால் எழுதுவார்கள், குளிர்ச்சியாக இருக்கும், அந்த நேரத்துக்கு எரிச்சல் குறைந்த மாதிரி தெரியும். நான் அதைக் கேலி செய்ய மாட்டேன், எழுதுகிறவர்கள் யாரும் காசுக்காகவும் செய்வதில்லை. ஆனால் மூன்றாம் நாள் எங்களிடம் வருகிறபோது என்ன நிலைமை தெரியுமா? மண் காய்ந்து வெடித்து, உடைந்த கொப்புளத்தோடு சேர்ந்து இறுகிப்போய், சேலையை எடுத்தால் தோலும் கூடவே வரும். அடியில் சீழ் பிடித்திருக்கிறதா என்று பார்க்கவே உப்பு நீரில் நனைத்து நனைத்து எடுக்க வேண்டியிருக்கும். சுகர்காரர்களுக்கு அந்தப் புண் ஆறுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதைவிட மோசம், அந்த மூன்று நாளில் மருந்து ஆரம்பிக்க வேண்டிய நேரம் கடந்துபோவது. அத்தைக்கு நம்பிக்கை என்றால் காவியைக் கொப்புளம் இல்லாத கையில் ஒரு கோடு இழுத்துவிட்டு வரட்டும், சாமி கும்பிட்டு வேப்பிலையைத் தலைமாட்டில் வைக்கட்டும், புண்ணின் மேல் மட்டும் எதுவும் வேண்டாம். வேப்பிலை, மஞ்சள் அரைத்துப் பூசுவதும் வேண்டாம்.

பத்தியம் என்று சொல்லி வெறும் கஞ்சியில் வைத்துவிடாதீர்கள், இதை நான் அழுத்திச் சொல்கிறேன். கிளிமிபிரைடு போட்டுக்கொண்டு சாப்பாட்டைக் குறைத்தால் சுகர் கீழே இறங்கி வியர்த்து மயங்கிவிடுவார், கிட்னி பலவீனமானவர்களுக்கு அந்த இறக்கம் இன்னும் சட்டென்று வரும். வழக்கமாகச் சாப்பிடுகிற களி, சோறு, பருப்பு எல்லாம் நேரத்துக்குக் கொடுங்கள். குளிக்கலாம், வெதுவெதுப்பான தண்ணீரில் மெதுவாக, தேய்க்காமல். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். பழைய மெல்லிய பருத்தித் துணியால் மூடி வையுங்கள், துண்டைத் தனியாக வையுங்கள்.

இது அத்தைக்கு இல்லை, படிக்கிற மற்றவர்களுக்கு: அக்கி நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால், கண் சிவந்தால், அன்றைக்கே கண் டாக்டர். மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் ஒரே நரம்புக் கிளை போகிறது. கடையில் கேட்டு வாங்கியோ வீட்டில் இருக்கிறது என்றோ கண் சொட்டு மருந்தை ஊற்றாதீர்கள், உதட்டோரம் கொப்புளம் போடும் ஹெர்பிஸ் வைரஸ் கண்ணில் இருக்கும்போது ஸ்டீராய்டு சொட்டு மருந்து விட்டால் கருவிழியே கெட்டுவிடும். சின்ன வயதுக்காரர்களுக்கு அக்கி வந்தால், அல்லது பல இடத்தில் பரவினால், ஹெச்ஐவி பரிசோதனையும் ஒருமுறை செய்துகொள்வது நல்லது.


மாங்கனி மண்ணு:

நீங்கள் எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள். எங்கள் பாட்டிக்கு, பெரியப்பாவுக்கு, எனக்கே வந்தது, எல்லோருக்கும் காவி எழுதித்தான் சரியானது. ஒரு மாத்திரைகூடப் போடவில்லை. காசு பிடுங்கும் வழி இது.


போச்சம்பள்ளி செவிலி:

சரியாகியிருக்கும், நான் நம்புகிறேன். அக்கிக் கொப்புளம் மருந்தே இல்லாவிட்டாலும் இரண்டு, மூன்று, நான்கு வாரத்தில் தானாகவே காய்ந்துவிடும், மாத்திரை அதைக் கொஞ்சம் சீக்கிரமாக்கி, அந்த நேரத்து வலியைக் குறைக்கிறது. பாட்டிக்குக் கொப்புளம் போன பிறகு அந்த இடத்தில் எரிச்சல் எத்தனை மாசம் இருந்தது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். வயசானவர்களில் சிலருக்கு அது மாசக்கணக்கில், ஏன் வருஷக்கணக்கில்கூட நிற்கும். ஜாக்கெட் போட முடியாமல் சேலையை மட்டும் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மாக்களை நான் வீடு வீடாகப் போகும்போது பார்க்கிறேன். காசு பற்றிக் கவலை என்றால் அரசு ஆஸ்பத்திரியில் இந்த மாத்திரை இலவசம்.


ஓசூர் 27:

இந்த இழையில் கேட்கலாமா என்று தெரியவில்லை, வேறு எங்கேயும் கேட்க முடியவில்லை. ஆண், 27 வயது. எனக்கு வருவது முதுகில் இல்லை, மறைவிடத்தில். சின்னச் சின்னக் கொப்புளம், உடைந்து புண்ணாகி ஒரு வாரத்தில் போய்விடும், ஒன்றிரண்டு மாசத்தில் மறுபடி. கடையில் சொல்லி ஏசைக்ளோவிர் களிம்பு வாங்கித் தடவுகிறேன். வரும்போது நானாகவே சில மாத்திரையும் போட்டு, ஆறியதும் நிறுத்திவிடுவேன். அதே மருந்துதான் என்பதால் மேலே சொன்ன 800 ஐந்து வேளையை ஒருமுறை முழுதாகப் போட்டால் அடியோடு போய்விடுமா? வீட்டில் பெண் பார்க்கிறார்கள்.


காரிமங்கலம் பார்மசி:

தம்பி, தாராளமாகக் கேட்கலாம், இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அடியோடு போகாது, எத்தனை போட்டாலும் போகாது. நீங்கள் சொல்வது ஹெர்பிஸ் மாதிரி தெரிகிறது. அது அக்கி வைரஸின் பங்காளி, அதே குடும்பம், ஆனால் வேறு வைரஸ், அளவும் வேறு. இந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்றால், வைரஸ் புகுந்து பெருகிக்கொண்டிருக்கும் செல்லில் வைரஸின் சொந்த நொதியே இதை முதலில் தூண்டிவிட வேண்டும், பிறகுதான் அது வைரஸின் மரபணு நகலெடுப்பை நிறுத்தும். நல்ல செல்லை அதிகம் தொடாது, அதனால்தான் பக்க விளைவு குறைவு. 1970களில் இந்த மருந்தைக் கொண்டுவந்த குழுவில் இருந்த கெர்ட்ரூட் எலியனுக்கு இதுபோன்ற மருந்து ஆய்வுகளுக்காக 1988இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் நரம்பு முடிச்சில் தூங்கிக்கொண்டிருக்கும் வைரஸ் பெருகுவதில்லை, அதனால் மருந்துக்கு அங்கே வேலையே இல்லை. அளவைக் கூட்டினால் கிட்னிக்குத்தான் சுமை.

களிம்பை விட்டுவிடுங்கள், மறைவிடத்துப் புண்ணுக்கு அதனால் பெரிய பயன் கிடையாது. டாக்டர்கள் பொதுவாக முதல்முறைக்கு 400 மி.கி. மூன்று வேளை ஏழு முதல் பத்து நாள், திரும்ப வரும்போது அதே அளவு ஐந்து நாள் கொடுப்பார்கள், அரிப்பும் சுருக்கென்ற குத்தலும் தொடங்கிய அன்றைக்கே ஆரம்பிப்பதில்தான் விஷயம் இருக்கிறது. வருஷத்துக்கு ஆறு தடவைக்கு மேல் வருகிறது என்றால் தினமும் 400 மி.கி. இரண்டு வேளை தொடர்ச்சியாகக் கொடுத்து அடக்கி வைக்கும் முறை இருக்கிறது. உங்களுக்கு அதைத்தான் யோசிப்பார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் முதலில் இது இந்த வைரஸ்தானா என்று ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும், சிஃபிலிஸ் என்ற பால்வினை நோயின் புண்ணும் மறைவிடத்தில்தான் வரும், அதற்கு இந்த மருந்து ஒன்றும் செய்யாது. கிருஷ்ணகிரி, தருமபுரி அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்களுக்கான சுகவாழ்வு மையம் எங்கே என்று கேளுங்கள், மருந்து இலவசம், பெயர் வெளியே போகாது. பக்கத்திலேயே நம்பிக்கை மையத்தில் ஹெச்ஐவி பரிசோதனையும் செய்துவிடுவார்கள்.

கல்யாண விஷயம். புண் இல்லாத நாளிலும் வைரஸ் கொஞ்சம் கொஞ்சம் தோல் வழியாக வெளியே வரும். ஆணுறை அபாயத்தைக் குறைக்கும், முழுக்கத் தடுக்காது. உடம்புக்குள் போய் ஏசைக்ளோவிராக மாறும் வாலாசைக்ளோவிர் என்ற மருந்தைத் தினமும் 500 மி.கி. எடுத்துக்கொண்டவர்களிடமிருந்து துணைக்குப் போவது பாதியளவுக்குக் குறைந்ததாக ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். வரப்போகிற பெண்ணிடம் கல்யாணத்துக்கு முன்னால் சொல்லிவிடுங்கள் தம்பி. கஷ்டம்தான், தெரிகிறது. ஆனால் கர்ப்பமாக இருக்கும்போது, முக்கியமாகக் கடைசி மாசங்களில், இது அவருக்குப் புதிதாகத் தொற்றினால் பிறக்கிற குழந்தைக்கு உயிராபத்து. தெரிந்திருந்தால் டாக்டர் முன்கூட்டியே மருந்து கொடுத்துப் பாதுகாக்க முடியும், தெரியாவிட்டால் யாராலும் முடியாது.


பாலக்கோடு மருமகள்:

தருமபுரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கிரியேட்டினின் 2.0. பார்மசி அண்ணன் சொன்ன அதே கணக்கை அந்த டாக்டரும் போட்டுவிட்டு, 800 மி.கி. எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, காலை 6, மதியம் 2, இரவு 10 என்று மாற்றி எழுதினார். அட்டையின் பின்னால் ஒவ்வொரு மாத்திரைக்கும் நேரே பேனாவால் கிழமையும் நேரமும் எழுதிக் கொடுத்தது அங்கிருந்த நர்ஸ் அக்கா, இப்போது அத்தையே அதைப் பார்த்துக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறார். டைக்ளோஃபெனாக்கை அங்கேயே கிழித்துப் போடச் சொல்லிவிட்டார். மெட்ஃபார்மினையும் நிறுத்திவிட்டு வேறு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். கால் வீக்கம் இல்லை, தண்ணீர் நன்றாகக் குடிக்கலாம் என்றார்கள்.

இப்போது புதுக் கொப்புளம் வருவது நின்றுவிட்டது, ஓரத்தில் பொருக்குக் கட்ட ஆரம்பித்திருக்கிறது. பேச்சு, ஞாபகம் எல்லாம் தெளிவாக இருக்கிறது, ராத்திரியும் எழுப்பி எழுப்பிப் பேசிப் பார்க்கிறேன். நாத்தனாருக்குச் சின்ன வயதில் அம்மை போட்டது அத்தைக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, அரூர் பாட்டி வீட்டில் வைத்துப் பார்த்தார்களாம். இருந்தாலும் காயும்வரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

எரிச்சல் மட்டும் ராத்திரியில் தாங்க முடியவில்லை, மின்சாரம் பாய்கிற மாதிரி என்கிறார். பாராசிட்டமால் கேட்கவில்லை. நேற்றிரவு ஒரு வேளை தூங்கிப்போய் 10 மணி மாத்திரை விட்டுப்போனது, அதிகாலை 2 மணிக்கு எழுந்தபோது கொடுத்தேன், பிறகு 6 மணிக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. இனி மறுபடி வராமல் இருக்க ஊசி இருக்கிறது என்கிறார்களே, அது உண்மையா?


காரிமங்கலம் பார்மசி:

கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது சகோதரி. 2 மணிக்குக் கொடுத்தது சரி. அத்தைக்கு எட்டு மணி இடைவெளி முக்கியம் என்பதால் அடுத்ததைக் காலை 10க்குக் கொடுத்து, அங்கிருந்து மாலை 6, அதிகாலை 2 என்று நகர்த்திக்கொள்ளலாம். விட்டுப்போனதற்காக இரண்டை ஒன்றாக மட்டும் எப்போதும் கொடுக்காதீர்கள். கொப்புளம் காய்கிறது என்று பாதியில் நிறுத்தவும் வேண்டாம், எழுதிய நாள் முடியட்டும்.

அந்த மின்சார எரிச்சல் நரம்பு வலி, பாராசிட்டமாலுக்கு முழுக்க அடங்காது. அதற்குக் கபாபென்டின், பிரிகாபாலின், அமிட்ரிப்டிலின் என்று தனி மருந்துகள் இருக்கின்றன, அடுத்த முறை காட்டும்போது ராத்திரி தூக்கம் கெடுவதை முதலில் சொல்லுங்கள். இதில் முதல் இரண்டும் ஏசைக்ளோவிர் மாதிரியே சிறுநீரில்தான் வெளியே போகும், அதையும் கிட்னிக்குத் தக்கபடி குறைத்துத்தான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தலைசுற்றி விழுந்துவிடுவார். எந்தக் கடைக்குப் போனாலும் 2.0 ரிப்போர்ட்டைக் காட்டிவிட்டு வாங்குங்கள், கைப்பையில் ஒரு ஜெராக்ஸ் எப்போதும் இருக்கட்டும்.

ஊசி உண்மைதான். ஷிங்ரிக்ஸ் என்று பெயர், 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, 2023இலிருந்து இந்தியாவில் கிடைக்கிறது. இரண்டு ஊசி, இடையில் இரண்டு முதல் ஆறு மாசம். உயிருள்ள வைரஸ் இல்லாத ஊசி என்பதால் சுகர், கிட்னி இருப்பவர்களுக்கும் போடலாம். அரசில் இலவசம் கிடையாது, விலை கூடுதல், ஓசூர் அல்லது சேலத்தில் விசாரிக்க வேண்டியிருக்கும். இப்போது இல்லை, அக்கி முழுக்க ஆறிய பிறகு அந்த டாக்டரிடமே எப்போது போடலாம் என்று கேளுங்கள். மாமனாரும் 50ஐத் தாண்டியவர்தானே, அவருக்கும் சேர்த்தே கேட்டுவிடுங்கள்.